தோட்டத்து வெயிலுக்குக் கேமராவைப் பழக்குங்கள்

அன்புத் தம்பிகளே, தங்கைகளே,

ரந்தாவ், லின்சும், சிலியாவ், சுவா பெத்தோங், லாபு, பகாவ் என்று நெகிரி செம்பிலான் தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டு வந்து குடியேறிய தாமான்களிலும் பழைய ஃபிலிம் கேமராக்களைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருக்கிற உங்கள் எல்லாருக்கும் சேர்த்து இந்த மடல். ஆளுக்கொரு கேள்வி கேட்டீர்கள். தாத்தாவின் பெட்டிக் கேமராவுக்கு ஃபிலிம் எங்கே கிடைக்கும், பேட்டரி வராத கேமராவை எப்படி ஓட்டுவது, காப்பித் தூளில் படம் கழுவலாம் என்கிறார்களே, அது மெய்தானா? தனித்தனியாகப் பதில் எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. போதாததற்கு உங்களோடு எனக்கு ஒரு வழக்கும் இருக்கிறது. அதை நாலு பேர் கேட்கச் சொல்வதுதான் முறை.

வழக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் காட்டிய படங்களில் பாதிக்கு மேல் ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒளி கசிந்திருந்தது. மூலைகள் மசங்கியிருந்தன. கேட்டால், கேமராவின் முதுகில் வேண்டுமென்றே ஊசித் துளை போட்டதாகவும் லென்ஸில் வாசலின் தடவியதாகவும் சொன்னீர்கள். "பழசு மாதிரி இருக்கு" என்று மகிழ்ச்சி வேறு. பழைய காலத்துக் கேமரா பழைய மாதிரிப் படம் எடுப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. இப்படி ஒரு படத்தை வாடிக்கையாளரிடம் நீட்டிய ஸ்டூடியோக்காரர் சிரம்பானில் ஒரு மாதம் கடை நடத்தியிருக்க முடியாது.

கேமராவில் கை வைக்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. நன்றாக வையுங்கள். ஆனால் ஏதாவது ஒரு வேலைக்காக வையுங்கள். பால் டின் ஏற்றுவதற்காகச் சைக்கிள் கேரியரைப் பற்றவைத்து மாற்றியவர்கள், பால் வெட்டும் கத்தியைத் தம் கைக்கு ஏற்றபடி தீட்டிக்கொண்டவர்கள் நம்மவர்கள். பழசாகத் தெரியட்டும் என்று எவரும் சைக்கிளை நசுக்கவில்லை. ஜெர்மனியிலோ ஜப்பானிலோ அமெரிக்காவிலோ செய்த கேமரா அந்த ஊர் வெயிலையும் அந்த ஊர் முகத்தையும் நினைத்துச் செய்யப்பட்டது. அதை இந்த மண்ணின் சூட்டுக்கும் ஈரத்துக்கும் செம்பனை நிழலுக்கும் நம் முகத்துக்கும் பழக்குவதுதான் உங்களுக்கு முன்னால் இருக்கிற வேலை.

ஃபிலிமிலிருந்து தொடங்கலாம். பெட்டிக் கேமரா கோடாக் பிரவுனியாக இருந்தால் உள்ளே 620 என்று பொறித்திருக்க வாய்ப்புண்டு. கோடாக் 1930களின் தொடக்கத்தில் கொண்டுவந்து 1995இல் நிறுத்திவிட்ட அளவு அது. அதற்காகக் கேமராவைப் பழைய பேப்பர் வாங்கும் 'சூராட் கபார் லாமா' வேனில் போட்டுவிடாதீர்கள். 1901இல் வந்து இன்றும் கடையில் கிடைக்கிற 120 ஃபிலிமும் அதே அகலம்தான். சுற்றியிருக்கும் கட்டையின் தடிப்பும் விளிம்பும்தான் வேறு. பழைய 620 கட்டை இரண்டு தேடிப் பிடியுங்கள். முழு இருட்டில் 120 ஃபிலிமை அதன் கட்டையிலிருந்து ஒரு தடவை பிரித்துச் சுற்றி, பிறகு 620 கட்டையில் மாற்றிச் சுற்ற வேண்டும். நடுவில் ஃபிலிமைத் தாளோடு ஒட்டியிருக்கும் நாடா இருக்கும் இடத்தில் ஃபிலிம் புடைத்துக்கொள்ளும். அங்கே நாடாவை எடுத்துத் தளர்வில்லாமல் மறுபடி ஒட்டாவிட்டால் கடைசிவரை சுருள் கோணலாகவே போகும். காலாவதியான ஒரு ரோலை வைத்து வெளிச்சத்தில் பழகிய பிறகு இருட்டுக்குப் போங்கள்.

1963இல் வந்த இன்ஸ்டமேட்டிக் வைத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் சிரமம். அதன் 126 கார்ட்ரிட்ஜை இப்போது யாரும் செய்வதில்லை. ஆனால் உள்ளே இருந்த ஃபிலிமின் அகலம் 35 மில்லிமீட்டர்தான். காலி கார்ட்ரிட்ஜ் ஒன்றைப் பதமாகத் திறந்து சாதாரண 35 மில்லிமீட்டர் ஃபிலிமை அடைக்கலாம். அதற்குப் பின்தாள் கிடையாது என்பதால் கேமராவின் பின்பக்கச் சன்னலைக் கறுப்பு நாடாவால் மூடியாக வேண்டும். படத்துக்கு ஒரு துளை என்ற கணக்கில் நகர்கிற கேமரா அது. இந்த ஃபிலிமிலோ வரிசையாகத் துளைகள். அதனால் லென்ஸைக் கையால் மூடிக்கொண்டு இடையில் சில தடவை வெறுமனே சுடவேண்டிவரும். விளையாட்டாகச் செய்யலாம். திருமண வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

காசைப் பற்றியும் பேசியாக வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட் என்றால், 26 நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி ஏறக்குறைய 65 ரிங்கிட். ஒரு கலர் ரோலும் அதைக் கழுவி ஸ்கேன் செய்யும் கூலியும் சேர்ந்தால் அந்த ஒரு நாளை விழுங்கிவிடும். மைத்தானி என்ற ஜப்பானியப் பொறியாளர் 1959இல் வடிவமைத்த ஒலிம்பஸ் பென் மாதிரி அரைச்சட்டக் கேமரா கிடைத்தால் விடாதீர்கள். 36 படச் சுருளில் 72 படம் விழும். கறுப்பு வெள்ளை ஃபிலிமை 100 அடிச் சுருளாகக் கூட்டாக வாங்கி, பழைய டப்பிகளில் நீங்களே அடைத்துக்கொள்ளலாம். பதினெட்டு ரோல் வரை தேறும். சினிமா ஃபிலிமின் துண்டு மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது கொடுத்தால் மட்டும் ஒரு எச்சரிக்கை. அதன் முதுகில் கரிப்பூச்சு இருக்கக்கூடும். சொல்லாமல் கொள்ளாமல் லேபில் கொடுத்தால் அவர்களுடைய மருந்துத் தொட்டியே பாழாகும்.

இனி வெயில். பெட்டிக் கேமராவில் திருப்புவதற்கு ஒன்றுமில்லை. ஷட்டர் வேகம் வினாடியில் நாற்பதிலோ ஐம்பதிலோ ஒரு பங்கு, லென்ஸ் துளை எஃப் 11க்குப் பக்கத்தில். ஐ.எஸ்.ஓ. 100 ஃபிலிம் போட்டு நண்பகலில் பெரட்டுக்களத்தில் நின்று எடுத்தால் தேவைக்கு நான்கு மடங்கு வெளிச்சம் விழும். நெகட்டிவ் ஃபிலிம் அதைத் தாங்கிக்கொள்ளும். அதே கேமராவை வளர்ந்த செம்பனைக்குள் கொண்டுபோனால் நிலைமை தலைகீழ். வெளிவெயிலைவிட நான்கு ஸ்டாப் குறைவு, அதாவது பதினாறில் ஒரு பங்கு; அடர்ந்த இடங்களில் அதற்கும் கீழே. பால்மரக் காட்டில் இலைகளுக்கு நடுவே வெளிச்சம் சல்லடையாக விழுந்ததால் அங்கே கொஞ்சம் சமாளிக்க முடிந்தது. செம்பனை மட்டையின் கீழ் அப்படி இல்லை.

ஆகவே உள்ளே 400 ஃபிலிம் போடுங்கள். நிழலுக்கு அது சரியாக இருக்கும். வெளியே வந்தால் பதினாறு மடங்கு வெளிச்சம் கூடிவிடும். அதற்குத்தான் ஒரு கறுப்பு அட்டை. 1858இல் ஆங்கிலேயரான ஜான் வாட்டர்ஹவுஸ் செய்த ஏற்பாடு இது. ஒரு துண்டுக் கறுப்பு அட்டையில் துளை போட்டு லென்ஸுக்கு ஒட்டினாற்போல் செருகுவது. துளையின் விட்டத்தைப் பாதியாக்கினால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்கு, காலாக்கினால் பதினாறில் ஒரு பங்கு. ஒரே அட்டையில் இரண்டு துளை போட்டு, மேலும் கீழும் நகர்கிறபடி இரண்டு பக்கமும் தண்டவாளம்போல் அட்டை ஒட்டினால், காட்டுக்குள் ஒன்று, களத்தில் ஒன்று என்று நகர்த்திக்கொள்ளலாம். பழைய பிரவுனி சிலவற்றில் இழுத்துவிடும் தகடாக இதை அவர்களே வைத்திருக்கிறார்கள். உங்களுடையதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அட்டையை வெட்டுங்கள்.

இப்போது நான் மிகவும் சொல்ல விரும்புகிற இடத்துக்கு வருகிறேன். முகம்.

நூறு, நூற்றிருபது ஆண்டுகளுக்கு முந்தைய தோட்டப் படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சிங்கப்பூர் லாம்பர்ட் கம்பெனி எடுத்தவை, மேடானிலிருந்து வந்து 1907இல் மலாய்த் தீபகற்ப ஆல்பம் வெளியிட்ட க்ளைன்குரோட்டே எடுத்தவை, துரைமார்கள் தாங்களே எடுத்தவை. அக்காலத்துப் படங்களில் நம்மவர்களின் வேட்டியும் தலைப்பாகையும் பளிச்சென்று தெரியும். முகம் மட்டும் கரித்துண்டு. வெயிலில் வெந்த முகம், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். பாதிதான் உண்மை. அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடுகளின் ரசாயனத்துக்கு நீலம் தெரியும், கொஞ்சம் பச்சையும் மஞ்சளும் தெரியும், சிவப்பு தெரியாது. எல்லா நிறத்தையும் உணர்கிற தகடு இங்கிலாந்தில் ராட்டன் அண்டு வெய்ன்ரைட் கம்பெனி மூலம் 1906இல்தான் விற்பனைக்கு வந்தது. அது பரவலாகப் பல ஆண்டு பிடித்தது. மாநிறத் தோல் திருப்பி அனுப்பும் வெளிச்சத்தில் சிவப்பும் ஆரஞ்சுமே அதிகம். அதைக் காணாத தகடு அந்த முகத்தை இருந்ததைவிடக் கறுப்பாகவே பதியும். நம் கொள்ளுப்பாட்டன்மார் படத்தில் தெரிகிற அளவுக்குக் கறுப்பாக இருந்தார்கள் என்பதற்கு அந்தப் படம் சாட்சியாகாது.

கலர் வந்த பிறகும் இந்தக் கதை தீரவில்லை. லேபுகளில் நிறம் சரிபார்க்க கோடாக் அனுப்பிய மாதிரி அட்டையில் நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண்தான் இருந்தாள். ஷர்லி அட்டை என்று அதற்குப் பெயர். மர நாற்காலி விற்பவர்களும் சாக்லேட் கம்பெனிக்காரர்களும் தங்கள் சரக்கின் பழுப்பு நிறங்கள் படத்தில் பிரிந்து தெரியவில்லை என்று குறைசொன்னது ஃபிலிம் திருந்தியதற்கு ஒரு காரணம் என்கிறார், 2009இல் இதை ஆராய்ந்து எழுதிய கனடாவின் லோர்னா ராத். நாற்காலிக்குக் கிடைத்த நியாயம் முகத்துக்குப் பிறகுதான் கிடைத்தது.

ஏன் இவ்வளவு விவரம் என்றால், உங்களில் சிலர் எக்ஸ்ரே ஃபிலிமை வெட்டிப் பெரிய மரப்பெட்டிக் கேமராவில் போடத் தொடங்கியிருக்கிறீர்கள். மலிவு, சிவப்பு விளக்கில் கண்ணால் பார்த்துக்கொண்டே கழுவலாம் என்பதெல்லாம் சரி. சிவப்பு விளக்கில் அது கெடாமல் இருப்பதே அதற்குச் சிவப்பு தெரியாததால்தான். அதில் உங்கள் பாட்டியை எடுத்தால் 1900ஆம் ஆண்டுத் தகடு செய்த வேலையையே அதுவும் செய்யும். கட்டடம், மரம், கோயில் முகப்பு எடுக்க அது நல்ல சரக்கு. ஆள் எடுக்க வேண்டாம். ஆளுக்குச் சாதாரண கறுப்பு வெள்ளை ஃபிலிமே போதும். லென்ஸ் முன்னால் மஞ்சள் அல்லது ஆரஞ்சுக் கண்ணாடித்தாள் ஒன்றைச் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டினால் நெற்றிச் சுருக்கமும் கன்னத்து மடிப்பும் தனித்தனியாகத் தெரியும். சிவப்பழகு க்ரீம் விளம்பரம் செய்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இருக்கிற நிறத்தின் நுணுக்கம் படத்தில் வரவேண்டும், அவ்வளவுதான்.

பழைய கேமராவின் மீட்டரும் இதே குற்றவாளி. லயத்து வாசலில் நிற்பவருக்குப் பின்னால் வெளுத்த வானம் இருந்தால் அது வானத்தைப் பார்த்துவிட்டு வெளிச்சம் போதும் என்று சொல்லிவிடும். முகத்தருகே போய் அளந்து, அது சொல்வதை அப்படியே கொடுங்கள். 1967இல் வந்த ஒலிம்பஸ் ட்ரிப் 35 மாதிரி தானியங்கிக் கேமராவில் அது முடியாதே என்றால், 400 ஃபிலிம் போட்டுவிட்டுச் சக்கரத்தில் 200 என்று பொய் சொல்லுங்கள். ஒரு ஸ்டாப் கூடும். சக்கரமே இல்லாத பாக்கெட் கேமராக்கள் ஃபிலிம் டப்பியின் மேல் இருக்கும் வெள்ளிக் கட்டங்களைத் தொட்டுப் பார்த்து வேகத்தைத் தெரிந்துகொள்கின்றன. வெள்ளிக் கட்டத்தை நாடாவால் மூடியும் கறுப்புக் கட்டத்தைக் கத்தியால் சுரண்டியும் அதையும் ஏமாற்றலாம். 200 டப்பி ஒன்றைப் பக்கத்தில் வைத்து அதன் கட்டங்களைப் பார்த்துச் செய்யுங்கள். இந்த மாதிரிப் பித்தலாட்டத்துக்கு என் முழு ஆதரவு உண்டு.

பேட்டரி கேட்டவர்களுக்கு ஒரு வரி. பழைய பாதரசப் பேட்டரி 1.35 வோல்ட், இப்போது செய்வதில்லை. மருந்துக்கடையில் காதுக்கருவிக்கு விற்கும் 675 எண் வில்லை 1.4 வோல்ட். சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் போட்டால் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஒட்டுத்தாளை உரித்ததும் காற்றுப்பட்டு ஆயுள் குறையத் தொடங்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

உங்கள் வீட்டில் இருக்கிற மிகப் பழைய முகம் எது என்று தேடியிருக்கிறீர்களா? பல வீடுகளில் அது ஓர் அடையாள அட்டையில் இருக்கும். அவசரகாலத்தின்போது, 1948இல், பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட அத்தனை பேரும் படத்தோடும் கைரேகையோடும் பதிந்துகொள்ள வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. ஸ்டூடியோ வாசலையே மிதித்திராத பால்வெட்டுக்காரர்களும் அதற்காகக் கேமராவுக்கு முன் உட்கார்ந்தார்கள். அந்தத் தபால்தலை அளவுப் படத்தை நகலெடுக்கப் பெட்டிக் கேமரா போதாது. மூன்று மீட்டருக்கு உள்ளே வந்தால் அதற்குக் கண் மங்கும். மருந்துக்கடையில் விற்கும் படிக்கிற கண்ணாடியில் +2 எண் வாங்கி, ஒரு வில்லையைக் கழற்றி லென்ஸ் முன் ஒட்டுங்கள். அரை மீட்டருக்குக் கொஞ்சம் உள்ளே தெளிவு வரும். சம்பளச் சீட்டு, தோட்டத்துக் கடைக் கணக்குப் புத்தகம், திருமணப் பத்திரிகை எல்லாம் அந்தத் தூரத்துக்கு அடங்கும். அடையாள அட்டைக்கு இன்னும் நெருங்க வேண்டும் என்றால் இரண்டு வில்லையையும் அடுக்குங்கள். கைபேசியில் எடுத்துவிடலாமே என்கிறீர்கள். எடுங்கள். கைபேசி மாற்றும்போது தொலையாத ஒரு நகலும் இருக்கட்டுமே.

ஈரத்துக்கு வருவோம். நம் ஊரில் கேமராவைக் கொல்வது பழசாவதல்ல, பூஞ்சைதான். தோல் உறையில் போட்டு அலமாரியில் வைப்பதைப்போல் கெடுதல் வேறில்லை. தோல் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். சிலந்தி வலைபோல் பூஞ்சை படர்ந்த லென்ஸை வீட்டிலேயே துடைக்கப் பழக்கமான மருந்து ஒன்று உண்டு. மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடும் வீட்டு உபயோக அமோனியாவும் சம அளவு. பஞ்சில் நனைத்து, சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு துடைக்க வேண்டும். கண்ணாடியையே அரித்திருந்தால் எந்த மருந்துக்கும் போகாது. அமோனியா இருக்கிற இடத்தில் துணி வெளுக்கும் குளோராக்ஸை மட்டும் கொண்டுவராதீர்கள்; இரண்டும் சேர்ந்தால் நச்சுப்புகை. கதவோரக் கறுப்பு நுரைப் பட்டை நம் சூட்டில் பிசுபிசுத்துத் தார்மாதிரி ஆகியிருக்கும். சுரண்டி எடுத்துவிட்டு அந்தப் பள்ளத்தில் கறுப்புக் கம்பளி நூலை ஒட்டினால் ஒளி கசியாது. அந்தக் கசிவுக்காகவே கேமரா வாங்கியவர்கள் மன்னிக்க.

அமோனியா என்றதும் தோட்டத்து ஸ்டோர் நினைவுக்கு வருகிறது. நான் ஸ்டோரில் வேலை பார்த்தவருடைய மகன். மங்கிலிருந்து வாளிக்கு வந்த பால் ஆலைக்குப் போய்ச் சேரும்வரை உறையாமலிருக்க அமோனியா ஊற்றுவார்கள். சோடியம் சல்ஃபைட்டையும் அதே வேலைக்குப் பயன்படுத்துவதுண்டு. ஆலையில் உறைய வைக்க ஃபார்மிக் அமிலம். அதற்கு முந்திய காலத்தில் அசெட்டிக் அமிலம். இப்போது இருட்டறைக்கு வாருங்கள். படம் கழுவுவதில் உலகம் முழுக்கப் புழங்கிய கோடாக் டி-76 மருந்தில், ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், வெண்காரம் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம். எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஸ்டோர்ச் சரக்கு. கழுவுவதை நிறுத்த ஊற்றுவது நீர்த்த அசெட்டிக் அமிலம், அதாவது வினிகர். மரத்துப் பாலைக் காத்ததும் படத்தைக் கழுவியதும் ஒரே பீப்பாய்ச் சரக்காக இருந்தும் ஸ்டோருக்குப் பக்கத்தில் ஓர் இருட்டறை வந்ததில்லை. வந்திருந்தால் நம்மிடம் வேறு மாதிரி ஆல்பங்கள் இருந்திருக்கும்.

இதைப் படித்துவிட்டு எவரும் ஆலைக்குப் போய் ஃபார்மிக் அமிலம் கேட்க வேண்டாம். அது தோலைப் பொசுக்கும். வினிகரும் தண்ணீரும் போதும்.

காப்பி விஷயம் மெய்தான். அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரியில் ஸ்காட் வில்லியம்ஸ் என்ற ஆசிரியரும் மாணவர்களும் 1995இல் செய்துகாட்டியது. பிறகு பலர் அதை மெருகேற்றினார்கள். இப்போது புழங்கும் கணக்கு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஈரமில்லாத சலவைச் சோடா 54 கிராம், வைட்டமின் சி தூள் 16 கிராம், உடனடிக் காப்பித் தூள் 40 கிராம். 20 பாகையில் 15 நிமிடம். காப்பி என்றால் கலப்பில்லாத உடனடிக் காப்பி. நம் கடைக் கோப்பி-ஓ தூள் சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுத்தது. குடிக்க அமிர்தம், ஃபிலிமுக்கு ஆகாது. விலை குறைந்த ரொபஸ்டா வகையே இதற்கு நல்லது, ஏனென்றால் வேலை செய்கிற அமிலம் அதில்தான் அதிகம். சலவைச் சோடா கிடைக்காவிட்டால் ஆப்பச்சோடாவைக் குவாலியில் போட்டு வறுத்தால் அது சலவைச் சோடாவாக மாறும். பொங்கி ஓய்கிறவரை கிளறுங்கள். காப்பி மருந்தின் நாற்றத்துக்கு அம்மாவிடம் நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.

அந்த 20 பாகையில்தான் சிக்கல். நம் குழாய்த் தண்ணீர் 27, 28 பாகையில் வரும். சூட்டில் மருந்து வேகமாக வேலை செய்வதோடு ஃபிலிமின் மேலிருக்கும் ஜெலட்டின் படலமும் இளகும். அகலமான பேசினில் ஐஸ் போட்டு அதற்குள் மருந்துப் பாத்திரத்தை வைத்துச் சூட்டை இறக்குங்கள். ஐஸ் இல்லாவிட்டால் நேரத்தை ஏறக்குறைய பாதியாக்கிச் சோதனைத் துண்டு ஒன்றைக் கழுவிப் பாருங்கள். கடைசியில் கழுவுகிற தண்ணீர்வரை எல்லாம் ஒரே சூட்டில் இருந்தால் படலம் வெடிக்காது. கழுவிய படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போவுக்கு மட்டும் அடுக்களையில் நல்ல மாற்று இல்லை, அதை வாங்கியே ஆக வேண்டும். பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி கரைந்திருக்கும். லயத்துச் சாக்கடையிலோ ஆற்றிலோ கொட்டாமல் கேனில் சேர்த்து வைத்து, லேபில் ஒப்படையுங்கள்.

இந்தக் காப்பிக்கும் நம் மண்ணுக்கும் பழைய உறவு. சுங்கை ஊஜோங் பக்கம் 1880களில் துரைமார்கள் முதலில் போட்டது ரப்பர் அல்ல, லைபீரியக் காப்பி. லின்சும் அப்படிக் காப்பித் தோட்டமாக இருந்த இடம். பிரேசில் காப்பி சந்தையில் குவிந்து 1890களில் விலை விழுந்த பிறகுதான் ரப்பர். இப்போது ரப்பரும் போய்ச் செம்பனை. லாபு, நீலாய், செண்டாயான் பக்கம் அதுவும் போய் வீடுகள்.

இன்னொரு எச்சரிக்கை, இதை விளையாட்டாக எடுக்காதீர்கள். ஒரு தடவை எடுத்து எறியும் ஃபிளாஷ் கேமராவைத் திறந்து மறுபடி ஃபிலிம் அடைக்கிறீர்கள். அதன் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் 300 வோல்ட் தாண்டி மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் இருக்கும். ஃபிளாஷ் வேலை செய்யவில்லை என்று தூக்கிப் போட்ட கேமராவிலும் இருக்கும். மின்தடை ஒன்றின் வழியாக அதை இறக்காமல் விரலை உள்ளே விடக்கூடாது. மின்வேலை தெரிந்தவர் பக்கத்தில் இல்லாவிட்டால் ஃபிளாஷ் இல்லாத வகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி, எல்லாரும் சேர்ந்து செய்ய ஒரு வேலை. மைலோ டின்னோ குளிர்பான டின்னோ, பக்கத்தில் ஊசியால் ஒரு துளை, உள்ளே வளைத்துப் போட்ட கறுப்பு வெள்ளைப் புகைப்படக் காகிதம். லென்ஸ் இல்லை, ஷட்டர் இல்லை, மருந்தும் இல்லை. மாதக்கணக்கில் கட்டித் தொங்கவிட்டால் சூரியன் தினமும் போன பாதை காகிதத்தில் கோடு கோடாக எரிந்து பதியும். இறக்கியதும் கழுவாமல் அப்படியே ஸ்கேன் செய்ய வேண்டும். இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷையர் பல்கலைக்கழக மாணவி ரெஜினா வால்கன்பர்க் 2012இல் அங்குள்ள வானாய்வுக் கூடத்தில் ஒரு பியர் டின்னைக் கட்டிவிட்டு மறந்துபோனார். 2020இல் கண்டெடுத்தபோது உள்ளே எட்டு ஆண்டு ஒரு மாதத்தின் சூரியப் பாதை, 2,953 வளைவுகள்.

அவருடையது வளைவு. நமக்கு வளைவு வராது. சிரம்பான் நடுக்கோட்டுக்கு வடக்கே மூன்று பாகைக்கும் குறைவு. சூரியன் கீழ்வானத்திலிருந்து ஏணி வைத்தாற்போல் நேராக ஏறும். கிழக்கே பார்த்துக் கட்டிய டின்னில் கோடுகள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் செங்குத்தாக நிற்கும். வலது ஓரம் டிசம்பர், இடது ஓரம் ஜூன். இங்கிலாந்திலிருந்து எந்தச் செய்முறையை வாங்கினாலும் இந்தப் படம் அங்கே வராது. மழை நாளில் கோடு அறுந்திருக்கும், புகைமூட்ட நாளில் மெலிந்திருக்கும். மலேசியாவிலேயே மழை குறைந்த இடம் என்று பெயர்பெற்ற ஜெலுபு நம் மாநிலத்தில்தான் இருக்கிறது. அங்கே உறவினர் இருப்பவர்கள் ஒன்று கட்டுங்கள். செம்பனைக்கு 25 ஆண்டு ஆனதும் மறுநடவுக்கு வெட்டுவார்கள். வெட்டு நெருங்கிய நிரையைப் பார்த்தபடி ஒன்று கட்டினால், முன்பாதிக் கோடுகள் மட்டைகளுக்கு இடையே உடைந்தும் பின்பாதி தடையில்லாமலும் ஒரே தாளில் வரக்கூடும்.

தோட்ட அலுவலகத்தில் அனுமதி கேட்டுவிட்டுக் கட்டுங்கள். டின்னின் மேல் இது என்ன, யாருடையது என்று மலாயிலும் தமிழிலும் எழுதி ஒட்டுங்கள்; மரத்தில் கறுப்பு நாடா சுற்றிய டின்னைப் பார்த்தால் எந்தக் காவலாளிக்கும் வயிறு கலங்கும். இன்று அங்கே குலை அறுப்பவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளத்திலிருந்து வந்தவர்கள். அவர்களிடமும் சொல்லிவையுங்கள். அவர்களைப் படம் எடுத்தால் பிரதி ஒன்று கொண்டுபோய்க் கையில் கொடுங்கள். எடுத்துக்கொண்டு போனவர்கள் திரும்பி வராததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். எறும்பு துளையை அடைத்துவிடக்கூடும், அதனால் ஓரிடத்தில் ஒன்றுக்கு இரண்டாகக் கட்டுங்கள். மூடி ஓரத்தை இரண்டு சுற்று நாடாவால் அடைத்து, ஈரம் இறங்க அடியில் காகிதத்துக்குப் படாத இடத்தில் ஒரு சிறு துளை போட்டு, அதன்மேல் கறுப்புத் துணி ஒட்டுங்கள்.

டிசம்பர் 21க்கு முன்னால் கட்டி ஜூன் 21க்குப் பின்னால் இறக்கினால் சூரியன் தென்கோடியிலிருந்து வடகோடிவரை போன முழு அகலமும் கிடைக்கும். நடுவில், மார்ச் கடைசி வாரத்தில், அது நம் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். என்னிடம் காலாவதியான புகைப்படக் காகிதம் ஒரு பெட்டி இருக்கிறது. இந்த வேலைக்குக் காலாவதி ஒரு குறையே இல்லை. டின்னுக்கு ஒரு தாள் வீதம் தருகிறேன். எந்தத் தோட்டம், எந்த நிரை, எந்தத் திசை என்று எழுதிக்கொண்டு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்